நாடகத்தைத் தடுத்தார்கள், நாட்டைத் தடுக்க முடிந்ததா?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பழைய நாடகம் ஒன்றைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சிய வரலாற்றை இன்று நாம் எண்ணிப் பார்ப்போமாக.

நாடு போலந்து, ஆண்டு 1968. ஆட்சிபீடத்தில் கோமுல்கா தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சி. நாடகமோ, மகாகவி ஆதாம் மித்ஸ்கியேவிச் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய "முன்னோர் இரவு". ரஷ்யச் சார் மன்னனின் ஆட்சியில் மாணவர்கள் சிறைப்பட்ட கொடுமையை அது கூறுகின்றது. வார்சோ தேசிய அரங்கில் அதனைக் கண்ட மக்கள், அந்நிய ஆதிக்கத்தைச் சாடும் வரிகள் வந்தபோதெல்லாம் கரகோஷம் செய்தனர். சாரைச் சாடினால் மொஸ்கோவுக்கு உறைக்குமே! அரசு பதறியது, ஜனவரி 30ஆம் நாளுடன் நாடகம் நிறுத்தப்பட்டது.

அன்றிரவே மாணவர்கள், நாடகம் தொடரவேண்டுமென்ற பதாகையுடன் கவிஞரின் சிலையை நோக்கி ஊர்வலம் சென்றனர். தடையை எதிர்த்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நடந்ததை வெளிநாட்டுப் பத்திரிகையாளருக்குக் கூறிய மாணவர் இருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஆதாம் மிக்னிக். அந்த அநீதியைக் கண்டித்து மார்ச் 8ஆம் நாள் வார்சோ பல்கலைக்கழக முற்றத்தில் மாணவர் திரண்டனர். "உல்லாசப் பயணம்" என்று எழுதிய பஸ் வண்டிகளில் வந்திறங்கியோர் கையில் இருந்தவை குண்டாந்தடிகள்!

அன்பர்களே, தடியைவிடக் கொடிய ஆயுதம் ஒன்றும் அவ்வரசிடம் இருந்தது. அதுதான் பிரித்தாளும் சூழ்ச்சி. மாணவன் படிப்போடு நிற்கட்டும், எழுத்தாளன் பேனாவோடு நிற்கட்டும் என்று தொழிலாளர் கூட்டங்களில் பதாகை பிடிக்கச் செய்தனர். எல்லாம் யூதரின் சதி என்று பழி சுமத்தினர். சுமார் 13,000 யூதர்கள் பிறந்த மண்ணைவிட்டு வெளியேற நேர்ந்தது. தணிக்கையின் கீழிருந்த பத்திரிகைகளில் மறுப்புக்கு இடமேது?

பிரிவினையின் விலை என்ன? 1970 டிசம்பரில் விலைவாசி உயர்வை எதிர்த்துக் கரையோர நகரங்களின் தொழிலாளர் எழுந்தனர். துப்பாக்கிக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இரையாயினர். அப்போது மாணவர் பெரும்பாலும் ஒதுங்கி நின்றனர். ஒருவர் அடிபடும்போது மற்றவர் வாளாவிருந்தனர், இருவரும் தோற்றனர்.

1976இல் தான் வழி பிறந்தது. வேலையிழந்து சிறைப்பட்ட தொழிலாளருக்காக அறிஞர்கள் பாதுகாப்புக் குழு அமைத்தனர். சிறை கண்ட மிக்னிக்கும் அதில் இணைந்தார். 1980இல் "ஒருமைப்பாடு" தொழிற்சங்கம் தோன்றியது. தணிக்கைக்கு வரம்பு கட்டவேண்டுமென்பது கப்பல் தளத் தொழிலாளரின் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று! 1981இல் கமக்காரரும் தமக்கென ஒருமைப்பாட்டுச் சங்கம் பதிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இராணுவ ஆட்சி வந்தது. ஆயினும் ஒன்றுபட்ட உள்ளங்கள் பிரியவில்லை. 1990இல் தணிக்கைச் சட்டம் ஒழிக்கப்பட்டது.

உழுபவரும் உத்தியோகம் பார்ப்பவரும் "நாடகத் தடை நமக்கென்ன?" என்று கேட்கலாம். மாணவனின் வாயைக் கட்டும் கை, நாளை நெல்லின் விலையைப் பற்றிப் பேசும் வாயையும் கட்டும். ஆகவே இளைஞர் குரல் நெரிக்கப்படும் இடமெல்லாம் முதலில் எழவேண்டியவர்கள் நாமே.