செய்தி யாருடைய சொத்து?

(திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1910 செப்டம்பர் 26 அன்று இந்நகரத்திலிருந்து ஒரு பத்திரிகையாசிரியர் நாடு கடத்தப்பட்டார். திருவிதாங்கூர் திவானின் முறைகேடுகளை அம்பலப்படுத்திய 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை அவர். அச்சகமும் பறிமுதல் செய்யப்பட்டது. அதன் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி அச்சகத்தை இழந்தார். ஆசிரியரின் சுதந்திரத்தை விலை பேசவில்லை. 1912இல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதியவரும் அதே ராமகிருஷ்ண பிள்ளைதான்.

அன்று பத்திரிகையை முடக்க அரச கட்டளை தேவைப்பட்டது. இன்று பங்குகளை வாங்கினால் போதும்.

1993இல் சசிகுமாரின் முயற்சியால் இங்கு உருவானது ஏசியாநெட். அதன் பொழுதுபோக்கு அலைவரிசைகள் ஸ்டார், டிஸ்னி எனக் கைமாறி, 2024 நவம்பரில் ரிலையன்ஸ் கட்டுப்பாட்டிலுள்ள கூட்டு நிறுவனத்தை அடைந்தன. செய்தி அலைவரிசையோ, இன்றைய கேரள பாஜக தலைவர் ராஜீவ் சந்திரசேகர் நிறுவிய ஜூபிடர் கேபிடல் வசம் சென்றது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என 2020 ஆகஸ்டில் கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. மறு ஆண்டே அது அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 இறுதியில் என்டிடிவியும் அக்குழுமத்தின் கைக்குச் சென்றது. செய்தியாக வேண்டியவரே செய்தியின் முதலாளியானால், கேள்வி கேட்பது யார்?

இணையம் இதற்கு மாற்றாகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் 2014இல் நெட்வொர்க்18ஐக் கைப்பற்றிய ரிலையன்ஸின் ஜியோவில், 2020இல் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் முதலீடு செய்தது. செய்தி நிறுவனம், அலைபேசி இணைப்பு, சமூக ஊடகத் தளம் மூன்றும் மூலதனத்தால் பிணைக்கப்பட்டன. விளம்பர வருவாய்க்காக இயங்கும் தளத்தில் வெறுப்பு வேகமாகப் பரவுகிறது. ரேஷன் கடையும் ஊராட்சிக் கூட்டமும் கூலிப் போராட்டமும் கண்ணில் படுவதில்லை.

மூலதனத்துக்குப் பணியாதவர்கள் மீது அரசு பாய்கிறது. 2022 ஜனவரியில் மீடியாஒன் ஒளிபரப்பு தடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்ற தீர்ப்பு வர 2024 மே 15 வரை காத்திருக்க நேர்ந்தது.

பத்திரிகைத் தொழிலைப் பிற தொழில் நலன்களிலிருந்து பிரிக்க வேண்டுமென 1982இலேயே இரண்டாவது பத்திரிகை ஆணையம் பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்கக் கோர வேண்டும். பத்திரிகையாளரின் பணிப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்கள் போராட வேண்டும். கே-ஃபோன் போன்ற பொதுத்துறை இணையக் கட்டமைப்பு வலுப்பெற வேண்டும். உழைக்கும் மக்களின் ஏடுகளை ஒவ்வொரு கிளையும் வீடுவீடாகக் கொண்டு செல்ல வேண்டும். முதலாளியின் தயவில் வாழாத ஏட்டை வாசகரின் சந்தாவே வாழ வைக்கும்.