கடிதம் எழுதிக் கொடுத்த சிறுவன்



வெள்ளி விழா மேடையில் அமெரிக்க எழுத்தாளர் ஒருவரைப் பற்றி நாம் பேச எழுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். படித்தவன் ஊரை விட்டுப் போகிறான், போனவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நம் பெரியவர்கள் மனம் நொந்து கூறக் கேட்டிருக்கிறோம். அந்த மனக்குறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எர்னஸ்ட் கெயின்ஸ் என்னும் கறுப்பின எழுத்தாளரின் வாழ்வைக் காண்போம்.

அவர் 1933 ஜனவரி 15 அன்று லூசியானா மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். முன்பு அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பே அவர் பிறந்த இடம். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்திருந்தும், அம்மக்கள் பண்ணையாரின் நிலத்திலேயே உழைத்து, அங்கேயே மடிந்துகொண்டிருந்தனர். சிறுவனும் வயலில் இறங்கினான். பண்ணையின் மாதா கோவிலே பள்ளிக்கூடம். அதுவும் ஆண்டுக்கு ஐந்தாறு மாதங்களே நடக்கும். எஞ்சிய மாதங்களில் பிள்ளைகளின் கைகள் வயலுக்குத் தேவைப்பட்டன. அறுவடைக் காலத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவரை வளர்த்தவர் அகஸ்டீன் ஜெபர்சன் என்னும் அத்தை. அந்த அம்மையார் பிறவியிலிருந்தே நடக்க இயலாதவர். தரையில் தவழ்ந்தே சமைத்தார், துவைத்தார், பிள்ளைகளைக் கண்டித்தும் வளர்த்தார். அவர் எங்கும் போக முடியாதாகையால் அக்கம்பக்கத்து முதியோர் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து கூடினர். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தொலைவிலிருக்கும் உறவினருக்கு எழுத வேண்டுமானால் இச்சிறுவனைத்தான் அழைப்பார்கள். அவர்கள் ஓரிரு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நலமாயிருக்கிறோம் என்பதற்கு மேல் என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தோன்றாது. மீதித் தாளைச் சிறுவன்தான் நிரப்ப வேண்டும். அவர்கள் சொல்ல நினைத்ததை, அவர்கள் பேசும் வகையிலேயே நிரப்ப வேண்டும். எழுத்துத் தொழிலை அவர் கற்ற முதற் பள்ளி அந்தத் திண்ணை என்றே நாம் கருதுகிறோம்.

ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கு வழி இல்லை. ஆகவே 1948இல், பதினைந்தாம் வயதில், கலிபோர்னியாவில் வேலை தேடிச் சென்றிருந்த தாயிடம் சேர்ந்தார். அங்கே வலேஹோ நகரின் பொது நூலகத்தில் நுழைந்தார். அவர் பிறந்த ஊரில் நூலகம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அலமாரி அலமாரியாகத் தேடியும் தம் மக்களை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. ருஷ்ய நாட்டு டர்கெனேவ், டால்ஸ்டாய், செக்காவ் ஆகியோரின் உழவர்கள் ஓரளவு உறவினராகத் தோன்றினர். ஆயினும் அவர்கள் திண்ணையில் அமர்ந்தவர்கள் அல்லர். இல்லாத புத்தகத்தைத் தாமே எழுதத் துணிந்து, இளம்பருவத்திலேயே ஒரு நாவல் எழுதி நியூயார்க்குக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. எரித்துவிட்டார். பின்னர் இராணுவப் பணி, 1957இல் பட்டம், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி. எரித்த கதையே புது உருவில் 1964இல் அவருடைய முதல் நாவலாக வெளிவந்தது.

இவ்விடையில் 1962ஆம் ஆண்டு அவருக்குத் திருப்புமுனையாயிற்று. நண்பர்களுடன் மெக்சிகோ சென்று அமைதியாக எழுத அவர் எண்ணியிருந்தார். அவ்வாண்டில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர், கலவரத்தையும் கொலை மிரட்டலையும் பொருட்படுத்தாமல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது கண்ட கெயின்ஸ் மெக்சிகோவை மறந்தார். 1963இல் லூசியானாவுக்குத் திரும்பிச் சில மாதங்கள் தங்கினார். அப்பயணமே தம்மை எழுத்தாளராக்கியது என்று பின்னாளில் கூறிவந்தார்.

1971இல் 'மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை' வெளிவந்தது. அடிமையாய்ப் பிறந்து நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த கிழவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த நாவல் அது. அப்படியொரு கிழவி உண்மையில் வாழ்ந்தாள் என்றே பலர் நம்பினர். திண்ணைப் பேச்சு ஏட்டில் ஏறினால் அப்படித்தான் இருக்கும். அந்நூலை அவர் நடக்க இயலாத அந்த அத்தைக்கும் உரிமையாக்கினார்.

1993இல் வந்த 'சாவதற்கு முன் ஒரு பாடம்' என்னும் நாவலை நம் ஆசிரியத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆசிரியரைப் புகழும் நூல் என்பதால் சொல்லவில்லை. அதில் வரும் ஆசிரியன் கிராண்ட் விக்கின்ஸ் தன் பணியை வெறுப்பவன், பிள்ளைகளிடம் எரிந்து விழுபவன், ஊரை விட்டு ஓட வழி தேடுபவன். செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஜெபர்சன் என்னும் இளைஞனை, அவனுக்காக வாதாடிய வழக்கறிஞரே அறிவற்ற பன்றிக்கு ஒப்பிடுகிறார். அவன் மனிதனாகச் சாக வேண்டும், அதை நீ கற்பி என்று அவனை வளர்த்த மூதாட்டி கேட்கிறாள். ஆசிரியனோ தயங்கித் தயங்கியே சிறைக்குச் செல்கிறான். இறுதியில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுக்கிறான். கைதி பிழை மலிந்த எழுத்தில் தன் நெஞ்சைத் திறந்து எழுதுகிறான். அப்பக்கங்களில் சிவப்பு மையால் திருத்த எந்த ஆசிரியருக்கும் கை எழாது. யார் யாருக்குக் கற்பித்தார் என்னும் ஐயமும் நமக்கு எழுகிறது.

கெயின்ஸ் 1981 முதல் லூசியானாவின் லஃபாயெட் நகரப் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பித்து 2004இல் ஓய்வு பெற்றார். அவர் இளமையில் அங்குக் கறுப்பின மாணவருக்கு இடமிருக்கவில்லை. ஓய்வுக்காலத்தில் அவர் செய்ததுதான் நம்மை இங்குப் பேச வைத்தது. தம் முன்னோர் கூலிக்கு உழைத்த பண்ணை நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கினார்; மனைவி டயானுடன் அங்கே வீடு கட்டினார். தாம் படித்த கோவில் பள்ளிக்கூடத்தைப் பெயர்த்து வந்து வீட்டின் பின்புறம் நிறுத்திப் புதுப்பித்தார். பண்ணை மக்களின் இடுகாடு புதர் மண்டிக் கிடந்தது. கல்லறைகள் பலவற்றில் பெயரே இல்லை. சங்கம் ஒன்றை அமைத்து, ஆண்டுதோறும் உறவினரையும் நண்பர்களையும் கூட்டி அவ்விடத்தைத் தூய்மை செய்து வந்தார்.

2019 நவம்பர் 5ஆம் நாள், 86ஆம் வயதில், அவ்வில்லத்திலேயே காலமானார். அவரை அந்த இடுகாட்டிலேயே, தம்மிடம் கடிதம் எழுதச் சொன்ன தலைமுறையினரோடு, அடக்கம் செய்தார்கள்.