தலைகீழாகத் தொங்கும் கடிகாரம்

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். மைக் பிடித்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

என் தங்கச்சி நர்ஸுக்குப் படித்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். கடைசி வருஷம் ஃபீஸ் கட்ட வழியில்லாம நின்னப்ப, எங்க குழுதான் 30,000 ரூபாய் உள்கடன் கொடுத்தது. இப்போது அவள் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள்.

போன பொங்கலுக்கு லீவில் வந்தவள் ஒரு சின்னக் கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். கையில் கட்டுவது இல்லை, நெஞ்சுக்கு மேலே சட்டையில் குத்திக்கொள்வது. சுடிதாரில் குத்தியதும் எங்க அத்தை சிரித்துவிட்டார்கள். “என்னம்மா, தலைகீழா மாட்டியிருக்க?” என்றார்கள்.

“பார்க்கிற உங்களுக்குத்தான் அத்தை தலைகீழ். குனிஞ்சு பார்க்கிற எனக்கு நேராத்தான் தெரியும்” என்றாள்.

கையில் கட்டினால் என்ன என்று நான் கேட்டேன். வாட்ச், வளையல் இடுக்கில் கிருமி தங்கும், கையை மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவ முடியாது, நோயாளியைத் தூக்கும்போது தோலில் கீறும் என்றாள். இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் 2008-லிருந்து நோயாளியைத் தொடுகிறவர்கள் முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல் எதுவும் போடக்கூடாதாம். அதனால் அங்கே நெஞ்சில் குத்தும் கடிகாரம்தான் வசதி. ரப்பர் மாதிரி உறை போட்டது, துடைத்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம்.

அதில் நொடி முள் கட்டாயம் வேண்டும். நாடித்துடிப்பு, மூச்சு, டிரிப்ஸ் சொட்டு எல்லாம் நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ண வேண்டுமே. 1707-லேயே ஜான் ஃப்ளாயர் என்ற இங்கிலாந்து டாக்டர், நாடி எண்ணுவதற்கென்றே சரியாக ஒரு நிமிஷம் ஓடுகிற கடிகாரம் செய்ய வைத்தாராம்.

அவள் பேசிக்கொண்டே என் எட்டு மாசப் பையனை மடியில் வாங்கினாள். அவனுக்கு ரெண்டு நாளாச் சளி. அத்தை கை வைத்தியம் பார்த்தார்கள், நானும் சும்மா சளிதானே என்று விட்டுவிட்டேன். தங்கச்சியின் பேச்சு நின்றுபோனது. ஒரு கையால் சட்டையைத் தூக்கினாள், இன்னொரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு கையும் பிள்ளை மேலே, கண் மட்டும் கடிகாரத்துக்கும் அவன் வயித்துக்குமாகப் போய் வந்தது. முழுசா ஒரு நிமிஷம் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“அக்கா, 58 இருக்கு. இந்த வயசுக்கு 50 வந்தாலே ஆபத்து. உடனே கிளம்பு” என்றாள்.

ஆட்டோ பிடித்து ஓடினோம். நிமோனியா என்றார்கள். ஐந்து நாள் ஆக்ஸிஜன், ஊசி என்று வைத்திருந்து பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு அவன் இந்த மண்டபத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான்.

இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பு முடித்த பெண்ணுக்கு வீட்டார் இந்தக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் உண்டாம். எங்களிடம் அப்போது காசு இல்லை. முதல் சம்பளத்தில் அவளே வாங்கிக்கொண்டாள். ஆனால் அவளை நர்ஸாக்கியது நம்ம சந்தாப் பணம். அதனால் அது நீங்க குத்திவிட்ட கடிகாரம்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்மிடம் அந்தக் கடிகாரம் இல்லாவிட்டாலும் செல்போனில் நொடி ஓடுகிறது. பிள்ளைக்கு இருமல், சளி என்றால், அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள் இருந்தால் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த அளவோ அதுக்கு மேலோ வந்தால் காத்திருக்காதீங்க. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்க.

அடுத்த மாசக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, இதை எல்லாரும் செய்து பழகணும் என்று தீர்மான நோட்டில் எழுதுங்க. சொல்லித்தர நான் வருகிறேன்.