படிப்பகம் நிற்கிற மண் யாருடையது?

(மாமல்லபுரம் வட்டாரச் சேரி ஒன்றில், கூரைக் கொட்டகையாக இருக்கும் அம்பேத்கர் படிப்பகத்தைச் செங்கல் கட்டடமாக்கக் கூடிய கூட்டத்தில் பேசியது)



பக்கத்துல கடற்கரைக் கோயில் இருக்கு. 1984இல் யுனெஸ்கோ மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வேலி, காவல், டிக்கெட் எல்லாம் உண்டு. இருக்கட்டும். நம்ம சேரியில நூறு வருஷத்துக் கட்டடம்னு காட்ட ஒன்னாவது இருக்கா? ஏன் இல்லை? கட்டத் தெரியாமலா? ஊரான் வீட்டுக்கெல்லாம் செங்கல் சுமந்தது யாரு?

பதில் 1891லேயே எழுதப்பட்டுவிட்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. சேரி மனையே மிராசுதாருடையது என்றார்கள். கூலி கூடக் கேட்டால், 'குடிசையைப் பிரிச்சிட்டுப் போடா' என்பார்கள். எந்த நேரமும் விரட்டப்படுகிறவன் கல்லு வச்சிக் கட்டுவானா? ஓலைதான் போட்டான். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்குள்ளேதான் கைமாறலாம் என்பது நிபந்தனை.

நம்ம மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். அதே வருஷம் டிசம்பரில் சென்னையில் அவர் நம் மக்களைத் திரட்டிய கூட்டம் நடந்தது வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில். நமக்கென்று மண்டபம் ஏது? 1924இல் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்றது. உள்ளே நுழையவே தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது.

பம்பாய் தாதரில் அண்ணல் அம்பேத்கர் 1930களில் ஒரு வீடு கட்டினார். பெயர் ராஜகிருகம். புத்தகங்களை வைக்கத்தான் அந்த வீட்டையே கட்டினார். 1956 டிசம்பரில் அவர் உடலை டெல்லியிலிருந்து அங்கேதான் கொண்டுவந்தார்கள். அவர் வீடு என்பதற்காகவே மக்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். 2020 ஜூலையில் அந்த வீட்டிலேயே புகுந்து சேதம் செய்தார்கள். நம்மாள் புத்தகம் வைத்திருந்த வீடுகூட அவர்கள் கண்ணை உறுத்துகிறது.

இங்கே, காரணையில் 1994இல் என்ன நடந்தது? பஞ்சமி நிலத்தை மீட்கப் போன மக்கள் அதில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். போலீஸ் அகற்றியது. நியாயம் கேட்டுச் செங்கல்பட்டில் அக்டோபர் 10ஆம் தேதி திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நம் மண்ணில் நம் அடையாளம் ஒன்றை நிறுத்த இரண்டு உயிர் போயிருக்கிறது, தோழர்களே.

அதனால சொல்றேன். செங்கல் வாங்குவதற்கு முன்னாடி, இந்த அஞ்சு சென்ட் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேளுங்க. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபிறகு மனைக்கு விலை ஏறிப்போச்சு. புரோக்கர் நல்லாத்தான் பேசுவான். பட்டா இல்லாத கட்டடத்துல எத்தனை புத்தகம் அடுக்கினாலும் ஒருநாள் தெருவுக்கு வரும்.

இன்னொன்னு. நம்ம பையன்களுக்கும் சொல்லணும். கேரம் போர்டு இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா சாயங்காலம் ஆனா அதுவே படிப்பகமாயிடுது. பொண்ணுங்க வாசப்படி ஏறுறதில்ல. வேலை முடிஞ்சு வர்ற அக்காவும் பத்தாவது படிக்கிற தங்கச்சியும் உட்கார இடமில்லன்னா, நாமும் இன்னொரு ஊர்த்தெருதான் கட்டறோம். சாவி ஒன்னு பெண்கள் கையில இருக்கணும்.

அலமாரியில அண்ணல் எழுத்துகளோடு அந்த 1892 அரசாணை நகலையும் நம்ம ஊர் நிலப் பதிவேட்டு நகலையும் வையுங்க. நம்ம பிள்ளைங்க முதல்ல அதைப் படிக்கட்டும். சின்னம்னு அரசு பலகை மாட்டுதோ இல்லையோ, நூறு வருஷம் கழிச்சும் இந்தச் சுவர் நிக்கணும்.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போறோம். யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க.

ஜெய் பீம்!