எங்கிருந்தும் வராத பணம்



1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நுழைந்த காவல்துறை எதை உடைத்தது என்பதை நாம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் எந்திரம், தானியம். பலவும் வளைகுடாவுக்குப் போய் உழைத்த பிள்ளைகளின் காசில் வந்தவை. படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் தீயில் போயின. 17 ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். இங்கே வந்தது காக்கி அல்ல, ஊர். ஆனால் அழிந்த பொருள்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றுபோல இருக்கும். பெங்களூரில் வேலை பார்த்துச் சேர்த்த காசு, பைக், பீரோ, சான்றிதழ்.

எரித்தவர்களுக்குத் தாங்கள் எதைத் தேடி வந்தோம் என்பது தெரிந்திருந்தது. நிவாரணம் என்றால் நமக்குத்தான் இன்னும் அரிசி மூட்டை, போர்வை, பாத்திரம் என்றே புத்தி ஓடுகிறது. முதல் வாரத்துக்கு அது வேண்டும். அதற்குப் பிறகு? சான்றிதழின் நகலுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. சாட்சி சொல்லப் போகிற நாளெல்லாம் கூலி போகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி தரச் சொல்கின்றன. நிவாரணத் தொகையும் உண்டு. அது முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று வழக்கு நகர நகரத் தவணையாக வருவது. கேட்டு வாங்குவது நம் உரிமை, ஒரு ரூபாயும் விடக்கூடாது. ஆனால் ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை வாய்தா! 'சமரசம்' பேசுகிறவர்கள் அந்த இடைவெளியில்தான் வருகிறார்கள், கையில் பணத்தோடு. நிதி திரட்டுவது என்று நாம் சொல்வது அந்த இடைவெளியை அடைப்பதைத்தான்.

இதைத் திரட்ட வேண்டியவர்கள் பாதிக்கப்பட்ட காலனியின் இளைஞர்களே. வெளியிலிருந்து வருகிற நல்லவர்கள் பொருளைக் கொடுத்து, வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது நாளை நீதிமன்றத்தில் நிமிர்ந்து பேச வேண்டிய முகம்.

அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 1955 டிசம்பர் 5 தொடங்கி 381 நாள் அங்கே கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ரோசா பார்க்ஸ் பெயரும் மார்ட்டின் லூதர் கிங் பெயரும் நமக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேரும் வேலைக்குப் போக மாற்று வண்டிகள் ஓட வேண்டுமே, பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்கிற சமையல்காரர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து கூட்டங்களிலும் அழகு நிலையங்களிலும் விற்றார். அந்தக் குழுவின் பெயர் 'எங்கிருந்தும் வராத சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை. வெள்ளையர் வீட்டில் வேலை செய்கிற பெண் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். கில்மோருக்கே 1956இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு வேலை போனது. தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்றார்.

நம் பக்கம் புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து உண்டு. கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயரெழுதி, பணம் வாங்குவார்கள். அந்த வடிவத்தை நாமும் எடுக்கலாம், அப்படியே அல்ல. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நம் மொய், கொடுத்தவருக்குத் திரும்ப வேண்டாம், அடுத்துத் தாக்கப்படுகிற காலனிக்குப் போகட்டும். பெயரும் எழுத வேண்டாம். ஆதிக்கச் சாதியின் வயலில் கூலிக்குப் போகிற நம் தாய்மாரும், அந்தச் சாதிக்குள்ளிருந்தே மனசாட்சியோடு நீட்டுகிற சிலரும், பெயர் வெளியே வந்தால் பாடுபட வேண்டியிருக்கும். தொகையை மட்டும் எழுதுங்கள். மாட்டுக்கறி போடலாமா என்று மாணவர்கள் கேட்பீர்கள். தாராளமாகப் போடுங்கள். நம் அடுப்பில் வெந்ததைக் காசு கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் அதற்கப்புறம் வழக்கைப் பற்றிப் பேசுவது எளிது.

பாட்டும் காசு கொண்டுவரும். 1962இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் நான்கு இளைஞர்கள் 'விடுதலைப் பாடகர்கள்' என்று கிளம்பி, ஊர் ஊராகக் காரில் போய்ப் பாடி மாணவர் இயக்கத்துக்கு நிதி சேர்த்தார்கள். மராட்டியத்தில் அம்பேத்கரிய ஜல்சாக் குழுக்கள் இயக்கத்தைப் பாட்டாகவே சேரிகளுக்குக் கொண்டுபோயின. நம்மிடம் பறை இருக்கிறது. அதை இலவசமாக அடிக்காதீர்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்றதற்காக அடி வாங்கிய மக்கள் நாம். கட்டளைக்கு அடித்த கைக்கு, கட்டணம் கேட்பதும் விடுதலைதான். கல்லூரி விழாவென்றாலும் இலக்கிய மேடையென்றாலும் தொகையை முன்பே பேசுங்கள். எங்கள் மேடையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கொடுத்தவர் பெயரை மறைக்கிற நாம் கணக்கை மறைக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பல முயற்சிகள் உடைகின்றன, சாதியால் அல்ல, சந்தேகத்தால். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண். வாரா வாரம் வரவும் செலவும் காலனிச் சுவரில் சாக்பீஸால் எழுதப்படட்டும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டியும் கேள்வி கேட்கட்டும். கட்சிக்காரரோ தொண்டு நிறுவனமோ பெருந்தொகை தந்தாலும் அதே சுவரில் ஒரு வரிதான், தனிப் பலகை கிடையாது. நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகளை எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்: வழக்கின் அடுத்த வாய்தா, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள்.