தறியும் தகரியும்

(பிள்ளையார்பாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பாவு பூட்டிப் பாதிச் சேலை நெய்தபின், "கரையை மாற்றுக" என்று வாங்குவோர் கேட்டால் என்னாகும்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆவடியில் உருவான தகரியின், அதாவது டாங்கியின், வரலாறும் அத்தகையதே.

ஆங்கிலேயரின் வடிவமைப்பை 1961-இல் உடன்படிக்கை செய்து பெற்றனர். 1965-இல் 'விசயந்தா' ஆவடியிலிருந்து வெளிவந்தது. நான்கே ஆண்டுகள்! பின்னர், தாமே ஒன்று படைக்க 1974-இல் ஒப்புதல் தந்தனர். அந்த 'அருச்சுன்' படையின் கைக்கு வரத் தொடங்கியதோ 2004-இல். முப்பது ஆண்டுகள்! ஏன்? படைத்துறை வேண்டிய தகுதிகள் இடையிடையே மாறின. உந்துபொறி இங்கே உருவாகாமையால் செருமனியிலிருந்து வந்தது.

அங்ஙனமாயின் வாங்குவதே விரைவு என்று முடிவுகட்டலாமா? உருசியாவின் தி-90 தகரிகள் 310-க்கு 2001-இல் உடன்படிக்கை ஆயிற்று. முழுதாக வாங்கியவை விரைந்து வந்தன. ஆனால், நுட்பம் பெற்று ஆவடியிலேயே செய்தவற்றுள் முதற் பத்து வெளிவந்தது 2009-இல்தான். சரக்கை விற்பவன் நுட்பத்தை எளிதில் விற்பதில்லை!

2021-இல் மேம்பட்ட அருச்சுன் 118-க்கு 7,523 கோடி உருவா ஒதுக்கினர். அவற்றுக்கும் திட்டமிட்டது செருமனிப் பொறியே. கருநாடகத்துப் பட்டுநூலும் சூரத்துச் சரிகையும் வாராத நாளில் தறி நிற்பதை அறிந்த நீங்கள், இதன் பொருளை உணர்வீர்கள்.

ஆகவே தில்லியாரிடம் நாம் கேட்பன மூன்று. தேவையை முதலிலேயே உறுதிசெய்க. பொறியாக்கத்திற்குத் தொடக்கத்திலேயே பொருள் தருக. கற்றுத் தேர்ந்த கைகளுக்கு இடையறாது பணி தருக.

இன்னொன்று. விசயந்தா, அசேயா, பீசுமா, அருச்சுன்! தமிழ்மண்ணில் தமிழர் உழைப்பால் உருவான இவற்றுள் ஒன்றுக்கேனும் தமிழ்ப்பெயர் உண்டா?

"புதுச்சொல் ஆக்க நாளாகிறது, அயற்சொல்லே போதும்" என்று நம்மை நகைப்போர்க்கும் ஆவடியே விடை. கடன்சொல் இன்றே வரும்; ஆனால் கிளைக்காது. 'உந்து' என்னும் நம் வேரிலிருந்தோ உந்துதல், உந்துவிசை, உந்துபொறி எனச் சொற்கள் தழைக்கும். காலம் செல்லினும் தன் கையால் ஆக்குவதே நிலைக்கும். சொல்லுக்கும் அதுவே, படைக்கலத்திற்கும் அதுவே.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!