பட்டம் வேறு, குற்றம் வேறு
(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"தீவிரவாதி" என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பட்டத்தை யார் சூட்டுகிறார்கள், எதை வைத்துச் சூட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. "பெரட்டுக்குப் போனோமா, பால் வெட்டினோமா என்று இருப்போம், நமக்கெதற்கு அது?" என்பார் சிலர். ஆனால் இந்த நாட்டில் அச்சொல்லின் சரித்திரம் ரப்பர்த் தோட்டத்தில்தான் தொடங்குகிறது.

1948 ஜூன் 16ல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. கொலையைக் கொலை என்றே நாமும் சொல்கிறோம். காட்டிலிருந்து வந்த குண்டுக்குத் தோட்டத் தொழிலாளரும் பலியானார்கள். துப்பாக்கி ஏந்தியவனைப் பிடிப்பது போலீசின் கடமை. அதில் நமக்குத் தகராறில்லை.

தகராறு வகைப்படுத்திய விதத்தில்தான். காட்டில் இருந்தவர்களை முதலில் "கொள்ளைக்காரர்" என்றது சர்க்கார். 1952ல் அதையே "கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி" என்று மாற்றியது. ஆட்கள் அவர்களே; மேலிடத்து உத்தரவில் பெயர் மாறியது. ஆட்களுக்கு மட்டுமா பட்டம்? ஊருக்கும் உண்டு. 1953ல் மலாக்காவில் ஒரு பகுதியை முதல் "வெள்ளைப் பகுதி" என்று அறிவித்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். வெள்ளையாகாத இடங்களில் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீடித்தன. அங்கே குடியிருந்தவன் என்ன செய்தான் என்பதல்ல, எங்கே இருந்தான் என்பதே கணக்கு.

பட்டம் முந்திக்கொண்டால் என்ன ஆகும்? 1948 டிசம்பரில் பத்தாங்காலி அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் 24 சீனர்களைச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் கையில் ஆயுதமில்லை. "தப்பியோட முயன்றார்கள்" என்று அறிக்கை வந்தது. வேண்டுமென்றே கொன்றதற்குச் சான்று இருப்பதாக 2012ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொல்லிற்று. ஆனால் 2015ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. 67 வருடத்துக்குப் பின்னும் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு விசாரணை கிடைக்கவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31ல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவைக் கவனியுங்கள். நாட்டின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, அத்தியாவசியச் சேவைக்கோ "பொருளாதார வாழ்வுக்கோ" பாதகமாக ஒருவன் நடக்காமல் தடுக்க, விசாரணையின்றி ஈராண்டு வைக்கலாம்; மேலும் நீட்டிக்கலாம். பொருளாதார வாழ்வுக்குப் பாதகம் என்றால் என்ன? வேலைநிறுத்தமும் அதில் அடங்குமென ஒரு மந்திரி நினைத்தால் யார் தடுப்பது?

2012ல் அச்சட்டம் நீக்கப்பட்டு, சொஸ்மா எனும் சட்டம் வந்தது. அரசியல் நம்பிக்கை, அரசியல் நடவடிக்கை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் பிடிக்கக்கூடாது என்று அதன் 4ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் சுத்தமான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தின் தலைவி மரியா சின்னை 2016 நவம்பரில் அதே சட்டத்தின்கீழ் 10 நாள் அடைத்து வைத்தார்கள். எழுத்தில் உள்ள காப்பு, கேட்க ஆளிருந்தால்தான் காப்பு.

நமக்கான காப்பு வேறோர் இடத்திலும் உண்டு. தண்டனைச் சட்டம் 130பி பிரிவு பயங்கரவாதச் செயல் எதுவென்று விளக்குகிறது. உயிருக்கோ உடலுக்கோ பொதுமக்கள் பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் நோக்கமில்லாத கண்டனமும் மாற்றுக் கருத்தும் தொழில் நடவடிக்கையும் அதில் சேராது என்று அதுவே விலக்கு அளிக்கிறது. தொழில் நடவடிக்கை என்றால் நம் வேலைநிறுத்தமும் அதிலொன்று, தோழர்களே! இதை ஒவ்வொரு கிளைச் செயலாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. கூட்டமோ மறியலோ, அமைதி குலையக்கூடாது; தீர்மானங்களைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நம்மில் ஒருவர் பிடிபட்டால், "எந்தச் செயலுக்காக, எந்தப் பிரிவில்?" என்று உடனே கேளுங்கள், வக்கீலை நாடுங்கள். சொஸ்மாவில் போலீஸ் 28 நாள்வரை வைத்திருக்க முடியும். ஆனால் வக்கீலைச் சந்திப்பதை 48 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்று. நம் கிளைத் தேர்தலில் எதிர்த்து நிற்பவரை நாமே "தீவிரவாதி" என்று ஏசுவதை நிறுத்துவோம். இன்று நாம் விளையாட்டாக ஒட்டும் பட்டம் நாளை ஒரு கோப்பில் ஏறலாம். சட்டம் செயலைத் தண்டிக்கட்டும். பட்டத்தைத் தண்டிக்க விடமாட்டோம்.